பெயரின் தமிழ் வடிவத்துக்கு யார் பொறுப்பு?

தாத்தா பெயரையோ குலதெய்வத்தின் பெயரையோ பிள்ளைக்கு வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்த காலம் தமிழ்க் குடும்பங்களில் ஏறக்குறைய முடிந்துவிட்டது. இப்போது நட்சத்திரத்துக்கு உரிய எழுத்தைப் பார்க்கிறார்கள், எண் கூட்டிப் பார்க்கிறார்கள், தெருவில் வேறு எந்தப் பிள்ளைக்கும் இல்லாத பெயரா என்று விசாரிக்கிறார்கள். கடைசியில் பெயர் கிடைத்த பிறகும், ஆங்கிலத்தில் அதற்கு ஓர் 'ஏ' போதுமா, இரண்டு வேண்டுமா, நடுவில் ஓர் 'எச்' சேர்க்கலாமா என்று நாள்கணக்கில் பேசுகிறார்கள். இந்த அக்கறையில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் அது முழுவதும் ஆங்கில எழுத்துகளின் மேலேயே விழுகிறது. அந்தப் பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது என்ற கேள்வி ஒருமுறைகூட எழாத வீடுகள் ஏராளம். தன்ஷிகாவா, தான்ஷிகாவா, தன்சிகாவா? இதைப் பின்னால் யாரோ முடிவு செய்கிறார்கள்: சான்றிதழுக்குத் தட்டச்சு செய்பவர், ஆங்கிலத்தைத் தானாகத் தமிழாக்கும் மென்பொருள், அல்லது ஒன்றாம் வகுப்பு ஆசிரியர். புதுப் பெயர்கள் பெருகுவதைப் பற்றி எனக்குப் புகார் கிடையாது. பெயரை முதலில் தமிழில் எழுதி முடிவு செய்துவிட்டு, அதற்குப் பிறகே ஆங்கிலத்துக்குப் போக வேண்டும் என்பது மட்டுமே என் வாதம்.

இந்த நிலை எப்படி வந்தது என்று பார்த்தால், முதல் காரணம் பஞ்சாங்கத்தில் இருக்கிறது. 27 நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் 4 பாதம், ஆக 108 பாதங்கள். ஒவ்வொரு பாதத்துக்கும் ஓர் எழுத்து. அசுவினிக்கு சு, சே, சோ, லா. கார்த்திகைக்கு அ, இ, உ, எ. இந்த அட்டவணை வடமொழி ஒலிகளைக் கொண்டு அமைந்தது. அதனால்தான் பூசத்துக்கு ஹு, ஹே, ஹோ, ட என்றும் ஆயில்யத்துக்கு டி, டு, டே, டோ என்றும் வருகின்றன. சொல்லுக்கு முதலில் 'ட' வராது என்பது தொல்காப்பியக் காலத்திலிருந்து தமிழின் வழக்கு. ஆகவே ஆயில்யத்தில் பிறந்த குழந்தைக்கு இந்த அட்டவணைப்படி தமிழ்ப் பெயர் வைக்கவே வழியில்லை. திருவாதிரையின் ஒரு பாதத்துக்கு 'ங' என்று போட்டிருக்கிறது. அந்த எழுத்தில் பெயர் எங்கே கிடைக்கும்? சோதிடர்களே அங்கே வேறோர் எழுத்தைச் சொல்லிச் சமாளிக்கிறார்கள். அட்டவணையைக் கடைப்பிடிப்பவர்களே தேவைப்பட்ட இடத்தில் அதை வளைக்கிறார்கள் என்றால், மற்ற இடங்களிலும் வளைக்கலாம்தானே. நம் முன்னோர் பலர் பெயர் வைக்கும்போது இதைக் கட்டாயமாகக் கொள்ளவும் இல்லை. கருப்பசாமிகளும் மாரியம்மாள்களும் எல்லா நட்சத்திரங்களிலும் பிறந்தார்கள்.

இரண்டாவது காரணம் எண் கணிதம். பெயருக்குப் பலன் பார்க்க இங்கே பெரும்பாலும் பின்பற்றப்படுவது கால்டிய முறை எனப்படுவது. அயர்லாந்தில் பிறந்து, லண்டனிலும் அமெரிக்காவிலும் கைரேகை பார்த்துப் புகழ்பெற்ற கீரோவின் நூல்கள் வழியாகப் பரவியது அது. அதில் ஆங்கில எழுத்துகளுக்கு 1 முதல் 8 வரை மதிப்பு உண்டு. 9 எந்த எழுத்துக்கும் இல்லை. பித்தாகரஸ் பெயரால் வழங்கும் இன்னொரு முறையில் 1 முதல் 9 வரை வரிசையாக மதிப்புகள் வருகின்றன. கவின் என்ற அழகான தமிழ்ப் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் கே, ஏ, வி, ஐ, என் என்று ஐந்து எழுத்து. கால்டிய முறையில் கூட்டினால் 15, அதாவது 6. மற்ற முறையில் 21, அதாவது 3. இரண்டில் எது கவினுடைய எண்? கால்டிய முறையிலேயே நின்று கடைசி 'என்'னை இரட்டித்தால் 20, அதாவது 2. 'ஏ'யை இரட்டித்தால் 16, அதாவது 7. ஆனால் அப்படி எழுதிய பெயரைப் படிப்பவர் 'காவின்' என்று நீட்டிப் படிப்பார். இத்தனை கூட்டலிலும் கழித்தலிலும் தமிழில் உள்ள க, வி, ன் என்ற மூன்று எழுத்துக்கு வேலையே இல்லை. நம்பிக்கையோடு எண் பார்க்கும் பெற்றோர் தங்கள் பிள்ளையின் நலனைத்தான் நினைக்கிறார்கள், அதை மதிக்கிறேன். ஆனால் வீட்டில் அந்தப் பிள்ளையைக் கூப்பிடும் மொழியில் பெயர் என்னவாக இருக்கிறது என்பதை இந்த முறை கணக்கிலேயே எடுப்பதில்லை. அதை அவர்கள் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது காரணம் ஒலியின் மேல் உள்ள விருப்பம். ரமேஷும் சுரேஷும் மகேஷும் பரவியபோது அவற்றில் ஈசன் என்ற சொல் குறுகி நின்றது. வைத்தவர்களுக்கு அது தெரிந்தும் இருந்தது. இன்றைய பெயர்களில் பல, ஒரு பெயரின் தலையையும் இன்னொன்றின் வாலையும் சேர்த்து உருவாகின்றன. அம்மா பெயரின் முதல் அசை, அப்பா பெயரின் கடைசி அசை, முடிவில் ஒரு 'ஷ்' அல்லது 'விகா'. இதையும் குற்றம் என்று சொல்ல மாட்டேன். எல்லாப் பெயரும் ஒரு காலத்தில் புதிதாகத்தான் இருந்திருக்கும். அமெரிக்காவிலும் ஒலி மாறாமல் எழுத்தை மட்டும் மாற்றும் பழக்கம் வலுவாக இருக்கிறது. ஜாக்சன் என்ற பெயரில் நடுவில் 'எக்ஸ்' போட்டு எழுதுவதை அந்நாட்டுச் சமூகப் பாதுகாப்புத் துறை தன் பெயர்ப் பட்டியலில் தனிப் பெயராகவே எண்ணுகிறது. ஜப்பானில் எழுத்துக்கும் உச்சரிப்புக்கும் தொடர்பே இல்லாத 'கிராகிரா' பெயர்கள் பெருகியபோது, பெயரின் உச்சரிப்பையும் குடும்பப் பதிவேட்டில் பதிய வேண்டும், அது பொதுவாக ஏற்கத்தக்க படிப்பாக இருக்க வேண்டும் என்று சட்டமே திருத்தினார்கள். 2025 மே மாதம் அது நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கரும் ஜப்பானியரும் புதுமை செய்வது தங்கள் தாய்மொழியின் எழுத்தில். நாம் அந்த உழைப்பையெல்லாம் இன்னொரு மொழியின் எழுத்தில் செய்துவிட்டு, நம் எழுத்தில் வருவது வரட்டும் என்று விட்டுவிடுகிறோம்.

இதன் விளைவுகள் ஏட்டளவில் நிற்பவை அல்ல. தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழ் தமிழிலும் ஆங்கிலத்திலும் வருகிறது. குடும்ப அட்டையில் பெயர் தமிழில் இருக்கிறது, வாக்காளர் பட்டியல் தமிழில் அச்சாகிறது, ஆதாரில் இரண்டு மொழியிலும் உண்டு. ஆங்கிலத்தில் தட்டினால் தமிழ் தானாக வரும் வசதி, மௌனமாக நிற்கும் 'எச்'சுக்கும் தேவையில்லாத இரட்டை எழுத்துக்கும் தன் போக்கில் ஒரு தமிழ் வடிவம் தந்துவிடும். அதை யாரும் நின்று சரிபார்க்காவிட்டால் அதுவே பதிவாகிவிடும். ஒரே பிள்ளைக்கு ஓர் ஆவணத்தில் 'ஷி', இன்னொன்றில் 'சி', மூன்றாவதில் ஒற்று மிகுந்தது என்று மூன்று பெயர் இருப்பது இப்படித்தான். 2023இல் திருத்தப்பட்ட பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்குப் பின் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, கடவுச்சீட்டு, அரசு வேலை என எல்லாவற்றுக்கும் பிறந்த தேதி, இடத்தைக் காட்ட பிறப்புச் சான்றிதழே அடிப்படை. அதில் பதிந்த பெயரை நினைத்தபோது மாற்ற இடமில்லை. எழுத்துப் பிழை என்று காட்டினால்தான் திருத்தம். எண் கணிதப்படி பிற்பாடு ஓர் எழுத்தைச் சேர்க்க நினைப்பவர் அரசிதழில் அறிவிப்பு வெளியிட வேண்டும். அதன் பிறகு ஒவ்வோர் ஆவணமாகத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் ஆணையிட்டது. முன்னெழுத்துக்கு ஓர் ஒழுங்கு வந்துவிட்டது. அதற்குப் பின்னால் நிற்கும் பெயருக்கு இன்னும் வரவில்லை.

ஆவணத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது பிள்ளையின் நிலை. ஆங்கிலவழிப் பள்ளியில் படிக்கும் பிள்ளை தன் பெயரை ஆங்கிலத்தில் முதலில் கற்கிறது. தமிழ் வகுப்பில் அதை எழுதும்போது எந்த 'ன', குறிலா நெடிலா என்று கேட்டால் பெற்றோரிடமே உறுதியான பதில் இருப்பதில்லை. தன் பெயரின் எழுத்து தன் மொழியில் ஐயத்துக்கு உரியதாகவும், பிற மொழியில் சோதிடர் வரை கேட்டு உறுதி செய்யப்பட்டதாகவும் இருக்கும்போது, எந்த மொழி முக்கியம் என்பதைப் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. தமிழ்ப் பெயர் வைத்தாலே இது தீர்ந்துவிடும் என்று எண்ணுவதும் சரியல்ல. யாழினி, மகிழினி, கயல், நிலா, ஆதிரை என்று நல்ல தமிழ்ப் பெயர்கள் மீண்டும் விரும்பி வைக்கப்படுகின்றன, மனம் மகிழ்கிறது. ஆனால் நிலாவுக்கும் ஆங்கிலத்தில் இரண்டு 'எல்' போடுகிறார்கள், ஆதிரை ஆதிரா ஆகிறாள். மணமேடையில் நின்று 'தமிழ்ப் பெயர் வையுங்கள்' என்று வாழ்த்தும் தலைவர்கள், அந்தப் பெயரைத் தமிழில் எழுதி உறுதி செய்யுங்கள் என்றும் சேர்த்துச் சொல்லலாம்.

பிறமொழிப் பெயர்களைத் தள்ளிவைக்க வேண்டும் என்று நான் சொல்வதாக யாரும் கொள்ள வேண்டாம். தமிழ் எப்போதும் வெளியிலிருந்து பெயர்களை வாங்கியிருக்கிறது. வாங்கும்போது அவற்றுக்குத் தன் எழுத்தில் ஓர் உறுதியான வடிவம் தந்திருக்கிறது. கம்பரிடம் லட்சுமணன் இலக்குவன் ஆனான், விபீஷணன் வீடணன் ஆனான். 18ஆம் நூற்றாண்டில் இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர், தேம்பாவணியில் தம் காப்பியத் தலைவர் சூசையப்பருக்கு வளன் என்று பெயரிட்டார். தமிழ்க் கத்தோலிக்கர் புனித பேதுருவை இராயப்பர் என்றும் யோவானை அருளப்பர் என்றும் பவுலைச் சின்னப்பர் என்றும் சேவியரைச் சவேரியார் என்றும் அழைத்தார்கள். இராயப்பனும் அருளப்பனும் சின்னப்பனும் ஊர் ஊராக வாழும் பெயர்கள் ஆயின. முகம்மது, இபுராகிம் என்பவையும் அப்படியே அரபு ஒலியிலிருந்து தமிழ் நாவுக்கு இறங்கி வந்தவை. கிரந்த எழுத்தையும் நான் ஒதுக்கச் சொல்லவில்லை. 'ஷ' வேண்டுமென்றால் வையுங்கள். ஆனால் எந்த இடத்தில் 'ஷ', எந்த இடத்தில் 'ஸ', எந்த இடத்தில் 'ச' என்பதை வைக்கும் நாளிலேயே தமிழில் எழுதி உறுதி செய்யுங்கள். மேலே சொன்னவர்கள் அதைத்தான் செய்தார்கள்.

இதற்கு எதிரான வாதங்களில் வலுவானது சாதியும் பெண்ணும் பற்றியது. பழைய பெயர்களில் அவமானம் ஒட்டிக்கொண்டிருந்தது என்பது உண்மை. குப்பன், பிச்சை, அமாவாசை என்ற பெயர்கள் யாருக்கு வைக்கப்பட்டன, யாருக்கு வைக்கப்படவில்லை என்பதை நாம் அறிவோம். குழந்தை தங்க வேண்டும் என்ற வேண்டுதலில் வைத்தவையும் அவற்றில் உண்டு. ஆனால் மதிப்பான பெயர் வைத்தால் ஊர் ஏற்காது என்ற நிலையில் வைத்தவையும் உண்டு. மேலும் மேலும் பெண் பிறந்தால் போதும்பொண்ணு என்றும் வேண்டாம் என்றும் பெயரிட்ட ஊர்கள் இருந்தன. எந்தச் சாதி என்று காட்டாத, எந்த ஊர் என்று காட்டாத ஒரு 'ரித்தீஷ்' அந்தப் பிள்ளைக்குப் பாதுகாப்பு என்று பெற்றோர் நினைத்தால் அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. எனினும் ஒன்றை நினைவுபடுத்த வேண்டும். சாதி காட்டாத பெயர்களைத் தமிழ்நாடு தமிழிலேயே உருவாக்கியிருக்கிறது. 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய வேதாசலம் மறைமலையடிகள் ஆனார். நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். இவர்களுக்குப் பின் வந்த தலைமுறையில் தமிழ்ச்செல்வி, மலர்விழி, கலைச்செல்வன், இளங்கோ என்ற பெயர்கள் அக்ரகாரத்துக்கு வெளியே உள்ள எல்லாத் தெருக்களுக்கும் போயின, சேரிக்கும் போயின. அந்தப் பெயர்களைக் கேட்டு யாராலும் சாதி சொல்ல முடியாது. எழுதும்போது யாருக்கும் ஐயம் வராது. 'ரித்தீஷ்' என்றே வைத்தாலும் பாதகமில்லை. விடுதலையாக வைத்த பெயரைத் தமிழில் உறுதியாக எழுதிக்கொள்வதால் அந்த விடுதலையில் எதுவும் குறைந்துவிடாது.

அடுத்த வாதம் உலகம் பற்றியது. பிள்ளைகள் வெளிநாடு போகப் போகிறார்கள், அங்கே ழகரம் யாருக்கு வரும், ஆங்கிலத்தில் எளிதாக இருக்க வேண்டாமா என்கிறார்கள். எளிமைதான் நோக்கம் என்றால் இரட்டை எழுத்தும் மௌன எழுத்தும் அதற்கு நேர் எதிர்; தொலைபேசியில் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லியே பிள்ளையின் ஆயுள் கழியும். தமிழிலிருந்து நேராக ஆங்கிலத்துக்குப் போகும் வழி ஏற்கெனவே இருக்கிறது. இலங்கைத் தமிழர்கள் நெடுங்காலமாகப் பெரும்பாலும் அப்படித்தான் எழுதுகிறார்கள். மறைந்த தலைவர் சம்பந்தனின் பெயரை அவர்கள் எழுதும்போது 'ம்ப'வுக்குத் தமிழ்நாட்டார் வழக்கப்படி 'mb' என்று போடுவதில்லை. தமிழ் எழுத்தைப் பின்பற்றி 'ம்ப'வுக்கு 'mp' என்பதும், 'ந்த'வுக்கு 'nth' என்பதும் வருகின்றன. இங்கே அதே பெயரில் 't', 'd', 'h' ஆகியவை ஆளுக்கு ஒரு வகையாக வரும். அங்கேயும் டிலக்சன், நிரோஷன் என்று புதுமையாகப் பெயர் வைக்கும் வழக்கம் உண்டு; ஆனால் பெயர் எவ்வளவு புதிதாக இருந்தாலும் தமிழ் எழுத்திலிருந்து ஆங்கிலம் என்ற வரிசை பெரிதும் காப்பாற்றப்படுகிறது. கனடாவிலும் பிரிட்டனிலும் அந்தப் பெயர்களோடு ஒரு தலைமுறை படித்து வேலைக்குப் போய்விட்டது.

பெயர் வைப்பது பெற்றோரின் உரிமை, அதில் அரசுக்கு என்ன வேலை என்பதும் நியாயமான கேள்வி. ஐஸ்லாந்தில் 1991 முதல் ஒரு பெயர்க் குழு இருக்கிறது. தங்கள் மொழியின் இலக்கணத்துக்கும் எழுத்துக்கும் பொருந்தாத புதுப் பெயரை அது மறுக்கலாம். அதுபோல ஒன்று இங்கே வேண்டாம். மேலிருந்து எழுத்தை மாற்றினால் என்ன ஆகும் என்பதை 2020 ஜூனில் பார்த்தோம். 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அரசு ஆணை வந்தது. நோக்கம் நல்லதே. ஆனால் கோயம்புத்தூர் முதலான ஊர்களின் புதிய எழுத்துகளைப் பார்த்து எழுந்த எதிர்ப்பில் ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. நூறாண்டுகளாகப் பழகிய எழுத்தைப் பின்னால் திருத்துவது அவ்வளவு கடினம். குழந்தையின் பெயரில் அந்தச் சுமை இல்லை. அது முதல் நாளில் சரியாக எழுதப்படலாம்.

அரசு செய்யக்கூடியது சிறியது, செலவில்லாதது. பெயர் இல்லாமல் பிறப்பைப் பதிந்தவர்கள் 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதன் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். அந்த விண்ணப்பத்தில் தமிழ்ப் பெயரை முதல் கட்டமாக வைத்து, பெற்றோர் தம் கைப்பட எழுதினால் மட்டுமே ஏற்க வேண்டும். கணினியில் ஏற்றிய தமிழ் வடிவத்தை அச்சிட்டு அவர்களிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிய பிறகே சான்றிதழ் தர வேண்டும். ஆங்கிலத்தில் எப்படி எழுதலாம் என்று ஒரு பக்கப் பரிந்துரையைத் தமிழ் வளர்ச்சித் துறை அச்சிட்டுத் தரலாம். ஏற்பதும் விடுவதும் பெற்றோர் விருப்பம். இதற்கெல்லாம் புதிய அலுவலகம் வேண்டியதில்லை. 9 மாதம் நிறைந்ததும் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசிக்காகக் குழந்தையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கி வருகிறார்கள். கிராம சுகாதாரச் செவிலியர் அன்று அந்த விண்ணப்பத்தைக் கொடுத்துப் பெயரைத் தமிழில் எழுதி வாங்கினால், கட்டணமில்லாக் கெடு முடிய இன்னும் ஏறக்குறைய மூன்று மாதம் மீதம் இருக்கும்.